பதினைந்து திருகுகள்

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வீடு வந்தால்
பின்கதவருகே டிரம் பெட்டி.
சீட்டு இல்லை. அழைப்பு மணியில் விரல் பட்ட மாதிரியும் இல்லை.
பெட்டியின் மூலையில் காய்ந்த சேறு மட்டும்
மிசிசிப்பி என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

ஆரின் வாண்டவீர்,
ஒரு வாரத்துக்கென்று வாங்கிப் போனாய்.
பதினோரு வருஷம்.
சரியாகச் சொன்னால் பதினோரு வருஷம் நாலு மாதம்;
மொலீனில் ஒரு கல்யாணம்,
உன் ஸ்னேர் கிழிந்து என்னுடையதைக் கேட்ட இரவு.

கராஜ் விளக்கைப் போட்டு
பழைய துண்டை விரித்து
ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்தேன்.
வளையம் இரண்டு. லக் எட்டு.
திருகு பதினாறு இருக்க வேண்டும்,
பதினைந்து.
மறுபடி எண்ணினேன், வட்டிக்கடைக்காரி மாதிரி.
பதினைந்துதான்.

காந்தம் வைத்துப் பார்த்தேன்.
வளையம் பாய்ந்து ஒட்டியது, எஃகு.
கூடு பித்தளை,
காந்தத்தைச் சட்டை செய்யவில்லை.

அலுமினியத் தாளைக் கசக்கி, நனைத்து, தேய்த்தேன்.
காப்பிக் கசடு போல வழிந்தது துரு.
அடியில் குரோம், அம்மை வடுவோடு.
விளக்கில் மின்னத்தான் செய்கிறது,
நகத்தை ஓட்டினால் குழிகளில் தடுக்குகிறது.

திருகுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு
வினிகர் ஊற்றி மூடினேன்.
உன்னிடம் கேட்க வேண்டியவற்றையும்
கூடவே ஊறப் போட்டேன்.
இரவெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள்.
காலையில் கழுவி வைத்த கையோடு
கனி போன் செய்தாள், கல்லூரிக் கட்டணம், கார் டயர்;
பேசி முடிப்பதற்குள்
சாம்பல் இரும்பில் மறுபடி மஞ்சள் பூத்துவிட்டது.
துடைக்காமல் விட்டால் அப்படித்தான்.
திரும்பவும் வினிகர். அப்புறம் சோடா.
இந்த முறை அவள் விட்டுப்போன ஹேர் டிரையரால்
பதினைந்தையும் உலர்த்தினேன்,
மழையில் நனைந்த பிள்ளைகளுக்குத் தலை துவட்டுகிற மாதிரி.

மூன்றாவது லக்கைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ஸ்பிரிங் வரவில்லை.
ஊசியால் கிண்டினால்
சுருண்டு வந்தது துணி.

சேற்றைக் கழுவினேன். நீலக் கட்டம், வெள்ளைக் கோடு.
பேண்ட் முழுக்கக் கறுப்புக் கோட்டில் நிற்க
மொலீனுக்கு நீ மட்டும் போட்டுவந்த
அந்த ஃபிளானல் சட்டை.

எட்டு லக்கிலும் இருந்தது.

இந்தக் காலத்து ஸ்பிரிங்குகள் அல்ல அவை.
ஓங்கி அடித்தால் உள்ளே நின்று கிணுகிணுக்கும்,
மெல்லிய வால்ட்ஸில்கூட வாயை மூடாது.
ஒவ்வொரு ஒத்திகையிலும் நான்தான் குறை சொல்வேன்.
நீ முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய்,
காதிலேயே விழாதவன் போல.

சட்டையை எட்டாகக் கிழித்து
ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் சுற்றியிருக்கிறாய்.
எந்த வருஷமோ. ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பிறகு உன் கீழ்த்தளத்துக்கு ஆறு வந்தது.
வந்த தண்ணீர் வடிந்துவிட்டது;
உன் துணி குடித்தது மட்டும் வடியவில்லை.

வெளியே பிடித்ததெல்லாம் மேலோட்டமான துரு,
ஒரு சாயங்கால வேலை.
உள்ளே, நீ பார்த்துப் பார்த்துச் சுற்றிய இடத்தில்தான்
ஸ்பிரிங் பிஸ்கட் மாதிரி விரலில் உதிர்ந்தது.

கோபப்படவும் வரவில்லை, மற்றதும் வரவில்லை.
கையில் எட்டு ஈரத் துணிகள்.

புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன், எதையும் சுற்றாமல்.
பதினைந்து திருகில் தோலை இறுக்கினேன்;
ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்து நிற்கிறது.
ஒரே ஒரு அடி.
அதே கிணுகிணுப்பு.
அடங்கும்வரை கேட்டேன்.

உன் நம்பர் மாறவில்லை.
ஏழாவது மணியில் எடுத்தாய்.
ஊறப் போட்டதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.
‘திருகு ஒன்று குறைகிறது’ என்றேன்.

‘தெரியும்’ என்றாய்.
அந்தப் பக்கம்
மேஜைமேல் ஏதோ சின்ன இரும்பு
உருண்டு நின்றது.